முன்வாசல் மேப்பிளை வெட்டலாமா, வைத்திருக்கலாமா?

போன இதழில் வீட்டு மரங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே மரத்தைப் பற்றி. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் தென்பக்கத்திலும் நாம் வாங்குகிற பழைய வீடுகள் பலவற்றின் முன்னால் நிற்கும் நார்வே மேப்பிள் பற்றித்தான். எனக்கும் இந்த மரத்துக்கும் நீண்ட கணக்கு உண்டு. நடு நியூ ஜெர்சியில் 30 வருடமாக இருக்கிறேன். அதில் 12 வருடம் எங்கள் ஊர் ஷேட் ட்ரீ கமிஷனில், அதாவது ஊர் மரங்களைக் கவனிக்கும் குழுவில், தன்னார்வ உறுப்பினர். எங்கள் வீட்டிலேயே ஒரு நார்வே மேப்பிள் இருந்தது. அந்தக் கதை நடுவில் வரும். இந்த முறை பக்கம் முழுவதும் அந்த மரத்துக்கே.

ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி: போன வருடம் வீடு வாங்கினோம். முன்னால் பெரிய மேப்பிள் மரம், கோடையில் வீட்டுக்கே குடை பிடித்த மாதிரி நிழல். பக்கத்து வீட்டுக்காரர், "இது நார்வே மேப்பிள், கெட்ட மரம், வெட்டிவிடு" என்கிறார். நார்வே மேப்பிள்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்படி என்ன கெடுதல் செய்கிறது?

முதலில் அடையாளம். இலையைக் காம்போடு பறித்து, காம்பின் அடியை லேசாகப் பிதுக்குங்கள். எருக்கிலையை ஒடித்தால் வருமே, அந்த மாதிரி வெள்ளைப் பால் கசிந்தால் நார்வே மேப்பிள். தெளிந்த நீர் வந்தால் சுகர் மேப்பிளோ ரெட் மேப்பிளோ. ஹெட்ஜ் மேப்பிளிலும் பால் வரும். ஆனால் அதன் இலை சின்னது, முனைகள் மழுங்கி இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

இலை இல்லாத காலத்தில் மொட்டைப் பாருங்கள். நார்வே மேப்பிளின் நுனி மொட்டு தடித்து, பச்சையும் கருஞ்சிவப்பும் கலந்து இருக்கும். சுகர் மேப்பிளுக்கு ஒல்லியாக, கூராக, பழுப்பாக இருக்கும். விதைகளிலும் வித்தியாசம் உண்டு. நார்வே மேப்பிளின் இரட்டை விதையில் இரண்டு சிறகும் கை நீட்டி நிற்கிற மாதிரி கிட்டத்தட்ட நேர்கோட்டில் விரிந்திருக்கும். சுகர் மேப்பிளில் இரண்டும் லாடம் மாதிரி வளைந்து கீழே தொங்கும்.

இன்னொரு அடையாளம், எனக்குப் பிடித்தது. அக்டோபரில் தெருவில் மற்ற மேப்பிளெல்லாம் சிவந்து உதிர்ந்துகொண்டிருக்கும்போது இது மட்டும் பச்சையாகவே நிற்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மஞ்சளாகும். ஐரோப்பாவின் பருவத்துக்குப் பழகிய உடம்பு அது.

இந்த மரத்தின் சொந்த ஊர் ஸ்காண்டிநேவியா தொடங்கி காகசஸ் மலைகள் வரை. பிலடெல்பியாவில் தாவரத் தோட்டம் வைத்திருந்த ஜான் பார்ட்ரம் 1756-இல் இங்கிலாந்திலிருந்து இதை வரவழைத்தார். ரொம்ப காலம் பணக்காரர் தோட்டங்களில் அழகுக்காக நின்ற மரம்தான். தெருவுக்கு அது பெரிய அளவில் வந்ததற்குக் காரணம் வேறொரு மரத்தின் சாவு. ஊர்த் தெருக்களில் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்டு நின்றவை அமெரிக்க எல்ம் மரங்கள். 1930-இல் ஒஹாயோவில் டச்சு எல்ம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் தெருத் தெருவாக எல்ம் காய்ந்தது. மொட்டையான தெருவுக்கு உடனே நிழல் வேண்டும். மிதித்து இறுகிய மண்ணில், புகையில், பனிக்காலத்து உப்பில் எது பிழைக்கும் என்று பார்த்தார்கள். நார்வே மேப்பிள் பிழைத்தது. விலையும் குறைவு, வளர்வதும் வேகம். ஆகவே எல்லாரும் அதையே நட்டார்கள். உங்கள் மரமும் அநேகமாக அந்தக் காலத்தில், அந்த அவசரத்தில் நட்டதாகத்தான் இருக்கும்.

சரி, கெடுதல் என்ன? தெருவில் நிற்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. அதன் விதை காற்றில் போய்ப் பக்கத்துக் காட்டில் விழுகிறது. அங்கே ஆழ்ந்த நிழலிலும் கன்று முளைத்துப் பொறுமையாகக் காத்திருக்கும். மேலே ஒரு பழைய மரம் சாய்ந்து வெளிச்சம் வந்ததும் எழும்பிவிடும். எழும்பிய பிறகு அது போடும் நிழல், இங்கே காலம்காலமாக இருக்கும் மரங்கள் போடும் நிழலைவிட அடர்த்தி. வசந்தத்தில் தரையில் பூக்கும் சின்னச் செடிகளும் சுகர் மேப்பிள் கன்றுகளும் அதன் கீழே தேறுவதில்லை. நம் மாநிலத்திலேயே, மேடிசன் ஊரில் உள்ள ட்ரூ பல்கலைக்கழகக் காட்டில் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். இங்குள்ள பூச்சிகளும் இதன் இலையை அவ்வளவாகத் தின்பதில்லை. இலை ஓட்டையில்லாமல் அழகாக இருக்கும். ஆனால் புழு இல்லாத மரத்தில் குஞ்சுக்கு இரை தேடும் குருவிக்கு என்ன கிடைக்கும்?

நமக்கு இது புரியாத விஷயமில்லை. வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று கொண்டுவந்த சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். அதோடு ஒப்பிட்டால் இது சாது. ஆனால் காட்டுக்குள் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. புதிதாக நடாதீர்கள் என்றால் நூறு சதவீதம் ஒத்துக்கொள்வேன். நிற்கிற மரத்தை நாளைக்கே வெட்டு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று கீழே மாமியாரைப் பற்றி எழுதிய ஒரு வாசகியின் கேள்விக்குச் சொல்லியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

ஒரு வாசகி, எடிசனிலிருந்தே: என் தக்காளிப் பாத்தியில் ஒவ்வொரு வசந்தத்திலும் நூற்றுக்கணக்கில் மேப்பிள் கன்று முளைக்கிறது. பிடுங்கிப் பிடுங்கி அலுத்துவிட்டது.

அலுக்கக் கூடாது, அம்மா. இரண்டு நீள விதையிலையோடு இருக்கும்போது இரண்டு விரலால் வந்துவிடும். மழை பெய்த மறுநாள் காலையில் பிடுங்குங்கள். ஒரு வருடம் விட்டால் குனிந்து இழுக்க வேண்டும், மூன்று வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும். தரையோடு வெட்டிவிட்டுப் போனால் மறுபடியும் துளிர்க்கும். வேலி ஓரத்தையும் ஏசி இயந்திரத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் பாருங்கள். யாரும் நடாமலே அங்கே பெரிய மரமாகி அஸ்திவாரத்தை ஒட்டி நிற்கும் மேப்பிள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாசகர், ஷ்ரூஸ்பரி, மாசசூசெட்ஸ்: கருஞ்சிவப்பு இலையோடு ஒரு மரத்தை நண்பர் வீட்டில் பார்த்து ஆசைப்பட்டேன். கிரிம்சன் கிங் என்று பெயர் சொன்னார். இங்கே எந்த நர்சரியிலும் இல்லை. நியூ ஜெர்சியில் உள்ள தம்பியிடம் சொல்லி வரவழைக்கலாமா?

வேண்டாம். அழகுக்காகப் பெயர் மாற்றி விற்றாலும் கிரிம்சன் கிங் நார்வே மேப்பிள்தான். அதன் விதையிலிருந்து வரும் கன்றுகளில் பல பச்சை இலையோடு, சாதாரண நார்வே மேப்பிளாகவே முளைக்கும். மாசசூசெட்ஸ் இந்த மரத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்து, 2009 தொடக்கத்திலிருந்து விற்பனையையே நிறுத்திவிட்டது. பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் 2007 முதல் தடை, மெய்னில் 2018 முதல். நியூ யார்க்கில் விற்கலாம், ஆனால் இது அயல் படையெடுப்பு இனம் என்று எழுதித் தொங்கவிட வேண்டும். மாநில எல்லை தாண்டிக் கொண்டுவருவதும் உங்கள் மாநிலத்தில் தடைக்குள்தான் வரும்.

நீங்கள் இருக்கும் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே மேப்பிள் நடவே கூடாது. உங்கள் பக்கத்து நகரம் வூஸ்டர். 1953 ஜூன் 9 அன்று ஒரு சூறாவளி அந்த நகரத்தை அடித்துப் போட்டது. விழுந்த மரங்களுக்குப் பதிலாகத் தெருத் தெருவாக நார்வே மேப்பிளை நட்டார்கள். 55 வருடம் நன்றாக இருந்தது. 2008-இல் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் நீண்ட கொம்பு மாதிரி உணர்கொம்புகளும் கொண்ட வண்டு கண்ணில் பட்டது. ஆசிய நீள்கொம்பு வண்டு. சரக்குப் பெட்டிகளின் மரக்கட்டையில் ஒளிந்து இந்த நாட்டுக்கு வந்தது. 1996-இலேயே புரூக்ளினில் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிடித்த சாப்பாடு மேப்பிள். வூஸ்டரில் வரிசையாக மேப்பிள் நின்றதால் பந்தி போட்ட மாதிரி ஆகிவிட்டது. வண்டை ஒழிக்க 30,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் நான் அந்த ஊருக்கு ஒரு முறை போயிருந்தேன். ஜூலை மாதம். நிழல் இருந்ததாகச் சொன்ன தெருவில் ஒரு மரம்கூட இல்லை. வீட்டு வாசலில் ஒரு பாட்டி குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே இனத்தை நம்பி ஊர் முழுவதும் நடாதே என்று நூறு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கே உறைத்தது.

கருஞ்சிவப்பு இலைதான் வேண்டும் என்றால் ரெட்பட் மரத்தில் ஃபாரஸ்ட் பான்ஸி என்ற வகையைக் கேளுங்கள். இந்த மண்ணின் மரம்தான். இலை வரும் முன்னே கிளையோடு ஒட்டி இளஞ்சிவப்பாகப் பூக்கும். புது இலை கருஞ்சிவப்பாக வரும். சின்ன மரம், ஒதுக்கமான இடத்தில் வையுங்கள். உங்கள் பக்கத்தில் எந்த மேப்பிளின் தண்டிலாவது பென்சில் நுழைகிற மாதிரி சுத்தமான வட்டத் துளை தெரிந்தால் உடனே மாநில வேளாண்மைத் துறைக்குச் சொல்லுங்கள். வெட்டிய விறகை வேறு ஊருக்குக் காரில் ஏற்றிப் போகாதீர்கள்.

ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா: வணக்கம் அக்கா. எங்கட பின்வளவு மேப்பிள் மரத்தின் இலையெல்லாம் தார் தெறித்த மாதிரிக் கறுப்புப் பொட்டு. மரத்துக்கு ஏதும் வருத்தமோ? மருந்து அடிக்க வேணுமோ? கனடாக் கொடியில இருக்கிற மரம்தானே, சாக விட மனமில்லை.

பயப்படாதீர்கள் தங்கச்சி, மரம் சாகாது. அந்தப் பொட்டுக்கு ஆங்கிலத்திலும் தார்ப்பொட்டு என்றுதான் பெயர். ஒரு பூஞ்சை. ஜூன் மாதத்தில் இலையில் மஞ்சள் புள்ளியாகத் தொடங்கி, ஆகஸ்டில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். மருந்து வேண்டாம், காசு வீண். இந்தப் பூஞ்சை விழுந்த இலையில்தான் பனிக்காலத்தைக் கழிக்கும்; வசந்தத்தில் அங்கிருந்துதான் புது இலைக்கு ஏறும். ஆகவே இலையுதிர் காலத்தில் சருகைக் கூட்டி அள்ளிப் பையில் போட்டு நகராட்சிக்குக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்தால் பலன் கூடும்.

கொடியைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு ஒரு கதை உண்டு. பெரிய பெரிய பொட்டு விழுந்திருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மரம் அநேகமாக நார்வே மேப்பிள். பால் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கனடாவின் மரம் இல்லை அது. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமில்லை. 2012 நவம்பரில் கனடா புதிய பிளாஸ்டிக் 20 டாலர் நோட்டை வெளியிட்டது. இரண்டு மாதத்தில், அதில் போட்டிருக்கும் இலை நம்முடையதில்லை, நார்வே மேப்பிள் மாதிரி இருக்கிறது என்று ஒரு தாவரவியலாளர் சொல்ல, பெரிய பேச்சாகிவிட்டது. எந்த ஓர் இனத்தையும் பார்த்து வரையவில்லை, கற்பனையாகச் சேர்த்து வரைந்த இலை என்று மத்திய வங்கி விளக்கம் சொன்னது. ஒரு நோட்டை எடுத்து நீங்களே பாருங்கள். தெருவில் எதைத் தினமும் பார்க்கிறோமோ அதுதான் மேப்பிள் என்று கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

டொரன்டோவில் தண்டின் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் நகராட்சி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். இப்போது வெட்டத் தேவையும் இல்லை.

ஒரு வாசகர், நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்: இந்த மரத்துக்குக் கீழே மூன்று முறை புல் விதை போட்டேன். முளைத்து ஒரே மாதத்தில் காய்கிறது.

நான்காவது முறை போடாதீர்கள். மேலே அடர்ந்த நிழல், கீழே மண்ணின் மேல்தட்டிலேயே பின்னிக் கிடக்கும் வேர். தண்ணீரை அந்த வேர் குடித்துவிடும். வேரை மூட மண் கொட்டுவதும், மேலே தெரியும் வேரைக் கோடரியால் செதுக்குவதும் மரத்துக்கு ஆபத்து, இரண்டையும் செய்யாதீர்கள். புல்லை மறந்துவிட்டு இரண்டு மூன்று அங்குலத்துக்கு மல்ச், அதாவது மண்ணை மூடும் மரச்சில்லு, பரப்புங்கள். இடை இடையே கிறிஸ்துமஸ் ஃபெர்ன், பென்சில்வேனியா செட்ஜ் மாதிரி இந்த ஊர் நிழல் செடிகளைச் சின்ன நாற்றாக வாங்கி, வேருக்கு நடுவில் கைப்பிடி மண் தோண்டி நடுங்கள். முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஒரு வாசகி, பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி: மரம் பார்க்க வந்த ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு நிபுணர்), "அடியில் கோளாறு இருக்கிறது, சில வருடங்களில் எடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "நிற்கிற பச்சை மரத்தை வெட்டினால் பாவம், வீட்டுக்கு ஆகாது" என்று அழுகிறார். தினமும் அந்த நிழலில்தான் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறார். எனக்கும் மனசில்லை. பயமாகவும் இருக்கிறது. என்ன செய்ய?

உங்கள் மாமியார் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் கதையைச் சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாங்கள் வீடு வாங்கினதே அந்த மரத்தைப் பார்த்துத்தான். மேற்குப் பக்கம் நின்றது. ஜூலை மாதத்து நாலு மணி வெயில் ஒரு துளி சன்னலுக்கு வராது. என் அப்பா முதல் முறை வந்தபோது கயிற்றுக் கட்டில் கிடைக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். "புங்க மரத்து நிழல் மாதிரி இருக்கும்மா" என்பார். குளிர்ச்சிக்குப் புங்கை நிழலுக்கு மேல் எங்கள் ஊரில் எதையும் சொல்ல மாட்டார்கள். என்ன மரம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

புல் வெட்ட வந்த ஆட்கள் ஒவ்வொரு வருடமும் தண்டைச் சுற்றிக் கூம்பு மாதிரி மல்ச் குவித்துவிட்டுப் போவார்கள். நேர்த்தியாகச் செய்கிறார்கள் என்று நினைத்துக் காசு கொடுத்தேன். 2011 அக்டோபர் 29 அன்று பெரும் பனி பெய்ததே, நினைவிருக்கிறதா? அக்டோபரில் பனி. மற்ற மரங்களில் பல பாதி மொட்டை. நார்வே மேப்பிள் மட்டும் முழுப் பச்சையோடு நின்றது. பனி முழுவதையும் அந்த இலைகள் தாங்கின. ராத்திரி துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். முக்கியமான கிளை ஒன்று முறிந்து வாசல் கூரையில் கிடந்தது. மின்சாரம் ஐந்து நாள் இல்லை.

பார்க்க வந்த ஆர்பரிஸ்ட் கிளையை விட்டுவிட்டு அடிமரத்தைத்தான் பார்த்தார். நல்ல மரத்தின் அடி தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால் மாதிரி விரிய வேண்டும். எங்கள் மரம் ஒரு பக்கம் கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போயிருந்தது. மல்ச்சை அள்ளிவிட்டுத் தோண்டினார். என் முழங்கைத் தடிமனுக்கு ஒரு வேர், தண்டைச் சுற்றிக் கழுத்துக் கயிறு மாதிரி இறுக்கிக்கொண்டிருந்தது. நார்வே மேப்பிளுக்கு இந்தக் கோளாறு சகஜம். மல்ச்சைக் குவித்து வைத்தால் வேர் அதற்குள்ளேயே சுற்றி வளரும், இன்னும் மோசமாகும். சின்ன வேராக இருந்தபோதே பார்த்திருந்தால் உளியால் வெட்டி விடுவித்திருக்கலாம். அந்த வேர் அப்போது தண்டோடு ஒட்டிப் போயிருந்தது.

அவர் எடுக்கச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை, ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். சரியாக ஒரு வருடம் கழித்து, 2012 அக்டோபர் 29, சாண்டி புயல். அப்போதும் அதே பச்சை இலை, காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. விழவில்லை. ஆனால் காலையில் பார்த்தால் வேரோடு மண் ஒரு சாண் எழும்பியிருந்தது, மரம் பிள்ளைகள் தூங்கும் அறைப் பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்த வாரமே எடுத்தோம். என் மகள் பள்ளியிலிருந்து வந்து அடிமரத்தின் மேல் உட்கார்ந்து அழுதாள். அடுத்த கோடையில் மாடி அறைகளில் நிற்க முடியவில்லை.

மரத்தை எடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அதற்குப் பத்து வருடம் முன்பே, அது நன்றாக நிழல் கொடுத்துக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் இன்னொரு கன்று நடாமல் விட்டேனே, அதற்காகத்தான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். அன்று நட்டிருந்தால் பெரிய மரம் போனபோது ஆள் உயரம் மூன்று மடங்கு ஒரு மரம் தயாராக நின்றிருக்கும்.

ஆகவே உங்களுக்கு என் பதில்: இந்த வருடமே புது மரத்தை நடுங்கள், பழையதைப் பிறகு எடுங்கள். பழைய மரத்தின் கிளை முடியும் ஓரத்துக்கு வெளியே, வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மாமியார் கையாலேயே நடச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பிப் போனாலும் தான் வைத்த மரம் அங்கே வளர்கிறது என்ற நினைப்பு அவருக்கு இருக்கும். சில வருடங்கள் என்று ஆர்பரிஸ்ட் சொன்னால், வருடத்துக்கு ஒரு முறை அவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஏ என்ற சர்வதேச ஆர்பரிஸ்ட் சங்கத்தின் சான்றிதழ் உள்ளவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆளிடமும் கருத்துக் கேட்பது நல்லது. வெட்டுவதில்தான் வருமானம் என்று வருகிறவர்களும் உண்டு. ஆனால் தண்டின் அடியில் காளான், புதிதாக மண் வெடிப்பு, திடீர்ச் சாய்வு என்று எதையாவது பார்த்தால் நாள் பார்க்காதீர்கள். நாற்காலியை அங்கிருந்து எடுத்துவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். நிழலில் உட்காரும் மனிதரைவிட நிழல் பெரிதில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். மரம் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் நின்றால் பெரும்பாலும் அது ஊராட்சியின் பொறுப்பு. நியூ ஜெர்சியில் ஊர் மரங்களுக்கென்று ஷேட் ட்ரீ கமிஷன் வைக்கும் சட்டம் 1893-லேயே வந்துவிட்டது. கேட்காமல் கை வைத்தால் அபராதம். உங்கள் நிலத்துக்குள் நின்றாலும் பல ஊர்களில் அனுமதி வேண்டும்.

அதே எடிசன் வாசகர் மறுபடியும்: சரி, அப்படியென்றால் எதை நடுவது?

இடம் தாராளமாக இருந்தால் ஓக். என் முதல் பதில், இரண்டாவது பதில் இரண்டும் அதுதான். ஓக் மெதுவாக வளரும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ரெட் ஓக் நல்ல மண்ணில் வருடத்துக்கு இரண்டடி கூடப் போகும். நம் மாநிலத்தின் மரமே அதுதான். எங்கள் மேப்பிள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி 2013 வசந்தத்தில் ஒரு ரெட் ஓக் நட்டோம், என் தோள் உயரம். இப்போது மாடிச் சன்னலைத் தாண்டிவிட்டது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பேராசிரியர் டக் டாலமி பல வருடமாகச் சொல்லி வருவது இது: இந்தப் பக்கத்து ஓக் மரங்களில் 500-க்கும் மேற்பட்ட வகைக் கம்பளிப்புழுக்கள் வாழ்கின்றன. சிக்கடீ என்ற சின்னக் குருவி ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 புழு வரை பிடிக்க வேண்டும். எங்கள் ஓக்குக்கு நாலு வயதானபோது முதல் முறையாக அந்தக் குருவி அதில் இரை தேடுவதைப் பார்த்தேன். பழைய மேப்பிள் நின்ற காலம் முழுவதும் அங்கே அதைப் பார்த்ததாக நினைவில்லை.

தாழ்வான, தண்ணீர் தேங்கும் இடம் என்றால் ஸ்வாம்ப் வைட் ஓக் அல்லது டூப்பலோ. டூப்பலோவின் இலையுதிர் காலச் சிவப்பைப் பார்த்தால் மேப்பிளை மறந்துவிடுவீர்கள். மேப்பிள்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் ரெட் மேப்பிள் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே நிறைய மேப்பிள் இருந்தால் அதையும் தவிர்க்கலாம். மேலே மின்கம்பி போகிறது என்றால் இவை எதுவுமே வேண்டாம், ரெட்பட் மாதிரி சின்ன மரம் போதும்.

நடுவதற்கு முன்னால் 811-க்கு ஃபோன் செய்யுங்கள். நிலத்தடி கேஸ், மின் குழாய்கள் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். குழி வேர்ப்பந்தின் ஆழம்தான், ஆனால் அகலம் இரண்டு மூன்று மடங்கு. தொட்டியில் சுற்றி வளர்ந்த வேரை அவிழ்த்து, முடியாததை வெட்டிவிட்டு நடுங்கள். அடிமரம் விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மல்ச் தண்டைத் தொடவே கூடாது. இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

ஒரு வாசகர், அல்பனி, நியூ யார்க்: நார்வே மேப்பிளிலிருந்து சிரப் காய்ச்சலாமா? அந்தப் பால் விஷமா?

பால் இலைக்காம்பில்தான். பனிக்காலக் கடைசியில் தண்டில் துளையிட்டால் தெளிந்த நீர்தான் வரும், காய்ச்சலாம். ஆனால் சர்க்கரை குறைவு. சுகர் மேப்பிளிலேயே சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும். இதில் இன்னும் அதிகம் வேண்டும். உங்கள் மாநிலத்தின் மரமே சுகர் மேப்பிள்தான், ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

9 வயது வாசகி, எட்மண்டன் பள்ளித் தமிழ் வகுப்பிலிருந்து அம்மா உதவியுடன்: மேப்பிள் விதை ஏன் ஹெலிகாப்டர் மாதிரி சுத்துது ஆன்ட்டி? நம்ம ஊர்ல மேப்பிள் இருக்கா?

அருமையான கேள்வி, கண்ணு. விதை ஒரு பக்கம் கனமாக, சிறகு ஒரு பக்கம் லேசாக இருப்பதால் விழும்போது சுழல ஆரம்பிக்கிறது. சுழலும்போது சிறகின் முன் ஓரத்துக்கு மேலே குட்டியாக ஒரு சுழல்காற்று உருவாகி, விதையை மேலே இழுத்துப் பிடிக்கிறது. 2009-இல் விஞ்ஞானிகள் இதைச் சோதனை செய்து கண்டுபிடித்தார்கள். பூச்சிகளும் வௌவாலும் பறக்கும்போது இதே வித்தையைத்தான் செய்கின்றன. மெதுவாக விழுந்தால் காற்று அதை அம்மா மரத்திடமிருந்து தூரமாகக் கொண்டுபோக நேரம் கிடைக்கும், இல்லையா?

நம் ஊர்ச் சமவெளியில் மேப்பிள் கிடையாது. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பாட்டி தோசைக்கு அரைக்கிற முடக்கத்தான் கீரையும் தலைக்குத் தேய்க்கிற பூந்திக்கொட்டையும் மேப்பிளின் குடும்பம்தான். பாட்டியிடம் சொல்லிப் பார், நம்ப மாட்டார். முடக்கத்தான் காய் பலூன் மாதிரி இருக்கும், மேப்பிள் விதைக்குச் சிறகு இருக்கும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு விளையாட்டு.

நார்வே மேப்பிள் விதை கிடைத்தால் மாடியிலிருந்து விட்டு விளையாடு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று எண்ணிப் பார். விளையாடி முடித்ததும் எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டுவிட வேண்டும். ஆற்றங்கரைப் பக்கமோ காட்டுப் பக்கமோ எடுத்துப் போகாதே, சரியா?